படலை பூட்டாத வீட்டுக்கு

ஸ்காபரோ,
தை 18

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சதோ? போன கிழமை அனுப்பின காசு கிடைச்சிருக்கும். அதில் பாதி மருந்துக்கு என்று நினைச்சு அனுப்பினது. முழுவதையும் பஸ்ஸுக்கும் போராட்டப் பந்தல் செலவுக்கும் குடுத்துப்போட்டு, எண்ணெய் தடவிச் சமாளிக்கிறன் என்று சொல்லாதேங்கோ.

அன்றைக்குப் போனில் "நீ புத்த கோயிலுக்குப் போறியாம், உண்மையோ?" என்று கேட்டீங்கள். கேட்டது ஒரு வசனம்தான். அதுக்குள்ள மூன்று கேள்வி இருந்தது எனக்கு விளங்கினது. சைவத்தை விட்டிட்டியோ? எங்களுக்கு நடந்ததெல்லாம் மறந்துபோச்சோ? காணாமல் போன தம்பியை முடிஞ்ச கதையாய் எடுத்திட்டியோ? இதைப் போனில் கதைச்சால் ஒன்றில் சண்டை பிடிப்பம், இல்லாட்டில் இரண்டு பேரும் அழுது முடிப்பம். அதுதான் எழுதுறன். ஆறுதலாய் வாசியுங்கோ. இடையில் கோபம் வந்தால் மடிச்சு வைச்சிட்டு, மிச்சத்தை நாளைக்கு வாசியுங்கோ.

முதல் கேள்விக்கு மறுமொழி லேசு. சைவத்தை விடேல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறன், கந்தசஷ்டி பிடிக்கிறன், சின்னவளுக்குச் சிவபுராணம் பாடமாக்கிறன். நான் போற இடம் கோயிலே இல்லை. சமூக நிலையத்தில் ஒரு அறை. வெள்ளி இரவு அதே அறையில் கிழவர்மார் சீட்டு விளையாடுவினம். சனி காலமை நாங்கள் போய்க் கதிரைகளை வட்டமாய் இழுத்துப் போட்டு இருக்கிறம். நிலத்தில் மெத்தை போட்டு இருக்கிற ஆக்களும் இருக்கினம். என்ர இடுப்புக்குக் கதிரைதான். சிலை ஒன்றும் இல்லை. ஒரு சின்ன மேசை, அதில் ஒரு பூ, ஒரு பித்தளைக் கிண்ணம். அந்தக் கிண்ணம்தான் மணி. மதம் மாறச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. வாசலில் ஒரு பெட்டி இருக்கு, விரும்பினால் ஏதும் போடலாம். அது அறை வாடகைக்கு.

அங்கே போய்ச் சேர்ந்தது நித்திரையால். நான் இரவிரவாய்க் கொட்டக் கொட்ட முழிச்சுக்கொண்டு கிடந்தது உங்களுக்குத் தெரியும். இனிக் குளிசையைக் கூட்டேலாது என்று சொல்லி, குடும்ப வைத்தியர் ஆஸ்பத்திரியில் நடக்கிற எட்டுக் கிழமை வகுப்பொன்றுக்கு எழுதித் தந்தார். ஜோன் கபட்-ஸின் என்ற அமெரிக்கர் 1979 இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் தொடங்கின முறை அது. வைத்தியம் செய்தும் தீராத நோவோட அலையிற ஆக்களுக்கு என்று செய்தது. புத்தரின்ர தியான முறையை எடுத்து, சமயப் பெயர்களைக் கழட்டி வைச்சிட்டுச் சொல்லிக் குடுக்கிறது. முதல் நாள் ஆளுக்கொரு முந்திரிகை வத்தல் தந்து, அதை உருட்டிப் பார், மணந்து பார், வாயில் போட்டுக் கடியாமல் வைச்சிரு, பிறகு மெல்லக் கடி என்று சொல்லிச்சினம். வத்தல் தின்னப் பழகவோ இந்தச் சினோவுக்குள்ள பஸ் எடுத்துப் போறாய் என்று வீட்டில் இவர் பகிடி பண்ணினார்.

வத்தல் லேசு. கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பார் என்றதுதான் ஏலாமல் போச்சு. மூடின உடனே எனக்கு ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இரவு. மழை, இருட்டு, நாவற்குழிப் பக்கம் அசையேலாமல் நிக்கிற சனம், அம்மா என்ர சட்டையைப் பிடிச்ச பிடி. மூச்சைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு இறுகி, கை விறைச்சுப் போச்சு. படிப்பிச்ச பெண் அதைக் கண்டுபிடிச்சிட்டா. கண்ணைத் திறவுங்கோ, மூச்சைப் பார்க்கிறதை விடுங்கோ, பாதம் நிலத்தில் முட்டுறதை மட்டும் கவனியுங்கோ, அதுவும் ஏலாட்டில் அறைக்குள்ள கேட்கிற சத்தத்தைக் கேளுங்கோ என்று சொன்னா. போரைக் கண்ட உடம்பைக் கண்ணை மூடி உள்ளுக்கு அனுப்பினால் சில வேளை காயம் கிளறும் என்று அவவுக்குத் தெரிஞ்சிருந்தது. இது தெரியாமல் படிப்பிக்கிற ஆக்களும் இருக்கினம். அதனால அங்கே ஆரும் வந்து பிள்ளைகளைத் தேடிப் பந்தலில் இருக்கிற அம்மாமாருக்குத் தியானம் செய்யுங்கோ, எல்லாம் சரிவரும் என்று சொன்னால், உடனே தலையாட்டாதேங்கோ. இது எல்லாருக்கும் எல்லா நேரத்துக்கும் பொருந்துற மருந்தில்லை.

அந்த வகுப்பு முடிஞ்ச பிறகு, கூடப் படிச்ச ஒருத்திதான் இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. நடத்துறது ஒரு வியட்நாம் அம்மா, நேர்சாய் இருந்து ஓய்வெடுத்தவ. மணியை ஒலிக்கவிட்டு, அந்த நாதம் தேய்ஞ்சு முடியும்வரை ஒருத்தரும் அசையிறதில்லை. இருபது நிமிஷம் இருப்பு. பிறகு அறையைச் சுற்றி ஒரு பத்து நிமிஷம் நடை. ஒரு காலடி, ஒரு மூச்சு. கலியாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியைச் சுற்றுறதைவிட மெதுவாய். திரும்ப இருப்பு. அதுக்குப் பிறகு புத்தரின்ர போதனை ஒன்றை ஒரு ஆள் வாசிப்பார்.

பயிற்சியின்ர அடி சதிபட்டான சூத்திரம் என்ற பழைய பாளிப் பாடத்தில் இருக்கு. புத்தர் அதைச் சொன்னது குரு நாட்டில். எங்கட பாரதக் கதையில் வாற அதே குரு நாடு. நாலு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லுது. உடம்பு, உணர்ச்சி, மனம், மனத்தில் எழும்பி அடங்கிறவை. எனக்குப் பிடிபட்டது இரண்டாவது. ஒன்று நடக்கேக்க, கதையெல்லாம் வாறதுக்கு முதல், இது இனிக்குதோ, நோகுதோ, இரண்டும் இல்லையோ என்று மட்டும் தெரிஞ்சுகொள்ளு என்று சொல்லுறது. இரவில் போன் அடிச்சால் எனக்கு வயிறு சுருட்டிப் பிடிக்கும். நம்பரைப் பார்க்க முதலே, தம்பியைப் பற்றி ஏதோ வந்திட்டுது என்று மனம் ஓடி, எலும்பு எடுத்த இடத்தில் போய் நிற்கும். இப்பவும் வயிறு பிடிக்குது. ஆனால் "நோகுது" என்று தெரியிறதுக்கும் மனம் ஓடத் தொடங்கிறதுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் கிடைக்குது. போனை எடுத்து ஹலோ சொல்ல அந்த இடம் காணும். இதைவிடப் பெரிய ஞானம் ஒன்றும் எனக்கு வரேல்லை.

கடைசியில் பகிர்வு. அதுக்காகத்தான் நான் விடாமல் போறன். கதைக்க விரும்பின ஆள் கை கூப்புவார், நாங்களும் கூப்புவம். அவர் கதைச்சு முடிச்சுத் திரும்பக் கூப்பும்வரை ஒருத்தரும் குறுக்கிடக் கூடாது. அதுக்குப் பிறகும் அவருக்குப் புத்தி சொல்லக் கூடாது. அங்கே கேட்டதை வெளியில் கொண்டு போகவும் கூடாது. நினைச்சுப் பாருங்கோ அக்கா. போர் முடிஞ்ச 2009 மே மாதத்தில் இருந்து எங்களுக்குப் புத்தி சொல்லாத ஆள் ஆர்? சொந்தக்காரர் சொன்னவை, சாத்திரி சொன்னவர், காசு வாங்கிக்கொண்டு காம்பில் கண்டன் என்று சொன்னவன் சொன்னான். ஒரு அலுவலகத்தில், மறந்துபோட்டு முன்னுக்குப் போங்கோ அம்மா என்று உங்கட முகத்துக்கு நேரே சொல்லிச்சினம். இந்த அறையில், எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் எங்கே என்று தெரியாது என்று சொன்னன். பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தினம். கை கூப்பிச்சினம். அவ்வளவுதான். அந்த அவ்வளவு வேற எங்கேயும் எனக்குக் கிடைக்கேல்லை.

சில சனிக்கிழமை புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணம் என்று சொல்லுவினம். நான் முதல் இரண்டுக்கும் வாய் திறக்கிறதில்லை, மூன்றாவதை மட்டும் சொல்லுவன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கிறதில்லை. ஆனந்தர் ஒருக்கா புத்தரிட்ட, நல்ல நட்பு இந்த வழியில் பாதி என்று சொல்ல, புத்தர் அப்படிச் சொல்லாதே, முழுவதுமே அதுதான் என்று மறுத்தாராம். அந்தக் கதையை வாசிச்ச நாள், நான் மூன்றாவதை மட்டும் எடுத்ததில் பிழை இல்லை என்று நினைச்சன்.

இரண்டாவது கேள்விக்கு வாறன். எங்களுக்கு நடந்ததை மறந்தேனோ?

ஊரில் புத்தர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடம் என்று எழுதினதையும், 1978 இல் அதைத் திரும்ப எழுதினதையும் அப்பா சாப்பிடேக்கயும் சொல்லிக்கொண்டிருப்பார். றோட்டோர அரசமரத்தடியில் ஒரு சிலை வந்தால், அடுத்ததாய் என்ன வரும் என்று எங்கட சனம் பயப்படுறதையும் நான் மறக்கேல்லை. அந்தப் பயம் விசர் இல்லை. இங்கே ஒரு கடையில், தோட்டத்துக்கு வைக்கிற சீமெந்துப் புத்தர் தலையைக் கண்டே எனக்குக் கால் பின்னுக்குப் போனது.

ஆனால் அந்த அரசமரத்தடிச் சிலையை வைச்சவைக்கு மட்டும் புத்தரை எழுதிக் குடுக்க எனக்கு விருப்பமில்லை. மணிமேகலை தமிழ்க் காப்பியம். அதில் வாற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்லிச் சொல்லித்தானே அப்பா எங்களை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனவர். மயிலை சீனி வேங்கடசாமி 1940 இலேயே தமிழ்நாட்டுப் பௌத்தத்தைத் தேடிப் பிடிச்சு ஒரு புத்தகமாய் எழுதிவைச்சார். கந்தரோடையில் அந்தச் சின்னச் சின்னத் தூபிகளைக் கட்டினது ஆர் என்ற சண்டை உங்களுக்குத் தெரியும். தமிழர் பௌத்தராய் இருந்திருக்கேலாது என்று நாங்களே சொன்னால், அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கத்துக்குத்தான் பலம்.

இன்னொன்றும் சொல்லவேணும். எங்கட கூட்டம் நடக்கிறது திக் நாட் ஹான் என்ற வியட்நாம் துறவியின்ர வழியில். 1926 இல் பிறந்தவர். போர் நடக்கேக்க இளைஞர்களைச் சேர்த்து, குண்டு விழுந்த கிராமங்களைத் திருத்தப் பழக்கினார். எல்லைக்குக் கிட்ட இருந்த ஒரு கிராமம் அழிய அழிய, அவை திரும்பத் திரும்பக் கட்டிச்சினம். அந்தப் பிள்ளைகளில் கொல்லப்பட்ட ஆக்களும் இருக்கினம். 1966 இல் போரை நிப்பாட்டச் சொல்லிக் கேட்க அமெரிக்காவுக்குப் போனார். அதோட ஊருக்குத் திரும்பேலாமல் போச்சு. இரண்டு பக்கமும் அவரைத் தங்கட ஆள் இல்லை என்று தள்ளிச்சினம். முதல் தரம் திரும்பி வர 2005 மட்டும் காத்திருந்தார். கடைசியில் 2018 இல் போய், தான் சின்னனில் துறவியான ஹுவே நகரத்து விகாரையில் இருந்து, 2022 தையில் கண்ணை மூடினார்.

இப்ப கடை கடையாய் விற்கிற அவரின்ர பெயர்போன தியானப் புத்தகம், முதலில் ஒரு கடிதம் அக்கா. 1974 இல் பாரிஸில் இருந்துகொண்டு, வியட்நாமில் அந்தத் தொண்டு வேலையில் நின்ற ஒருத்தருக்கு எழுதின நீண்ட கடிதம். குண்டுக்கு நடுவில் ஓடித் திரியிற பிள்ளைகள் களைச்சு, வெறுத்து விழுந்துபோகாமல் இருக்க மூச்சை எப்படிக் கவனிச்சுக்கொண்டு இருக்கிறது, கோப்பை கழுவேக்க கோப்பையை மட்டும் எப்படிக் கழுவுறது என்று எழுதினது. இப்ப கொம்பனிகள் வேலையாட்களிட்ட இன்னும் வேலை வாங்க இதைக் குடுக்குது, போனில் மாதச் சந்தா கட்டியும் கேட்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் ஒருத்தரையும் வேலையை விட்டிட்டு வந்து இருக்கச் சொல்லேல்லை. வேலையைத் தொடரத்தான் சொன்னார். இது தெரிஞ்ச பிறகுதான் எனக்கு அந்த அறையில் கால் ஊன்றினது.

சிங்களவர் வாறவையோ என்று கேட்பீங்கள். இல்லை. அவைக்கு இங்கே சொந்த விகாரை இருக்கு, அங்கே போகினம். வந்தால் என்ன செய்வன் என்று இப்ப சொல்லத் தெரியாது.

இனித் தம்பி.

நான் அமைதி தேடினால் அவனைக் கைவிட்டதாய்ப் போயிடுமோ என்பதுதான் உங்கட பயம். அது முதலில் என்ர பயம். அதனால அங்கே வாசிச்ச ஒவ்வொரு கதையையும் சந்தேகத்தோடதான் கேட்டன்.

கிசா கோதமி கதை உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிச்சது. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவவை, சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்புறார். வீடு வீடாய்ப் போறா. கடுகு இருக்கு, சாவு விழாத வீடு இல்லை. கடைசியில் பிள்ளையைச் சுடலையில் விட்டிட்டுத் திரும்புறா. வாசிச்சு முடிய எல்லாரும் அசையாமல் இருந்தினம். நான் கை கூப்பிச் சொன்னன்: கிசா கோதமிக்குக் கையில் பிள்ளையின்ர உடம்பு இருந்தது. கிளிநொச்சியில் 2017 மாசி 20 இல் இருந்து கோயில் முன்னுக்குப் பந்தல் போட்டு இருக்கிற அம்மாமாருக்குக் கையில் படம் மட்டும்தான் இருக்கு. சுடலையில் விடுறதுக்கு ஒன்றும் இல்லை. அவை எந்த வீட்டில் போய்க் கடுகு கேட்கிறது? ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. விதிப்படி சொல்லவும் கூடாது.

இன்னொரு நாள் அம்புக் கதை. மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு, உலகம் என்றைக்கும் உள்ளதோ இல்லையோ, அதுக்கு முடிவு இருக்கோ இல்லையோ, ஞானம் அடைஞ்சவர் செத்த பிறகு இருக்கிறாரோ இல்லையோ என்றெல்லாம் கேட்டு, சொல்லாட்டில் துறவை விட்டிடுவன் என்று நிக்கிறார். நஞ்சு தோய்ச்ச அம்பு பட்டவன், எய்தவன் என்ன குலம், நெட்டையோ கட்டையோ, வில்லு எந்த மரம் என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டன் என்று நின்றால் செத்துப்போவான் என்று புத்தர் சொல்லுறார். எனக்குப் பத்தி எரிஞ்சது. எய்தவன் ஆர் என்று கேட்காதே என்று சொல்லத்தானே ஊரில் ஆயிரம் ஆக்கள் இருக்கினம், புத்தரும் வேணுமோ என்று சொல்லிப்போட்டு இருந்திட்டன்.

அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாறவர், முந்தி லைப்ரரியில் வேலை செய்தவர், பாளி படிச்சவர். தேத்தண்ணி குடிக்கேக்க புத்தகத்தைத் திறந்து என்னட்டக் கொண்டுவந்தார். இந்தப் பிக்கு கேட்ட பட்டியலைப் பாருங்கோ என்றார். "உலகம், உயிர், ஞானியின்ர மறுமை. ஒரு பிள்ளையை ஆர் கொண்டுபோனது, எங்கே வைச்சது என்ற கேள்வி இதில் இல்லை. அது விடை இல்லாத கேள்வி இல்லை. விடை தெரிஞ்ச ஆள் எங்கேயோ உயிரோட இருக்கிற கேள்வி." அக்கா, இதை உங்களுக்குச் சொல்ல வேணும் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினன்.

பிறகு ஒரு மாதம் மைத்திரி தியானம் பழக்கிச்சினம். ஒருத்தரை மனத்தில் வைச்சு, அவர் சுகமாய் இருக்கவேணும், ஆபத்தில்லாமல் இருக்கவேணும் என்று திரும்பத் திரும்ப நினைக்கிறது. முதலில் தன்னை, பிறகு வேண்டிய ஒருத்தரை, பிறகு நல்லதும் கெட்டதும் இல்லாத ஒருத்தரை, கடைசியில்தான் பகையாளியை. எடுத்த உடனே பகையாளியில் தொடங்கக் கூடாது என்று விதி. எனக்கு அது பெரிய ஆறுதல். அந்தக் கடைசிப் படிக்கு நான் இன்னும் கிட்டவும் போகேல்லை, போகச் சொல்லி ஒருத்தரும் தள்ளவும் இல்லை. வேண்டிய ஆள் என்று சொன்னதும் தம்பியை வைச்சன். அவன் நீலச் சேட்டோட சைக்கிளில் வாறதை. ஒன்றும் ஓடேல்லை. நெஞ்சு கட்டி நின்றது.

கிழவரிட்டச் சொன்னன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, விசுத்திமக்கம் என்ற நூலைப் பற்றிச் சொன்னார். 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்தில் இருந்து எழுதினது. காஞ்சிபுரத்தில் இருந்ததையும் அவரே வேறொரு நூலில் எழுதிவைச்சிருக்கிறார். விசுத்திமக்கத்தில் ஒரு விதி: செத்துப்போன ஆளை வைச்சு மைத்திரி செய்யக் கூடாது. அதுக்கு ஒரு கதையும் உண்டு. ஒரு இளம் பிக்கு தன்ர குருவை மனத்தில் வைச்சு எவ்வளவு முயன்றும் மனம் குவியேல்லை. ஒரு பெரியவரிட்டப் போய்க் கேட்க, நீ நினைக்கிற ஆள் இருக்கிறாரோ என்று முதலில் விசாரி என்றாராம். விசாரிச்சால் குரு செத்துப்போயிட்டார். பிறகு உயிரோட இருக்கிற ஒருத்தரை வைக்க, உடனே கூடினது.

அப்ப என்ர தம்பியை வைக்கலாமோ கூடாதோ என்று கேட்டன். கிழவர் தலையைக் குனிஞ்சுகொண்டு, "புத்தகத்தில் அது இல்லை" என்றார்.

அம்மாவை நினைச்சன். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அப்பாவுக்குச் செய்யேக்க, வேற ஆரும் இருக்கினமோ என்று ஐயர் கேட்க, அம்மா "ஒருத்தரும் இல்லை, ஒருத்தரும் இல்லை" என்று இரண்டு தரம் சொன்னதாய் நீங்கள்தானே சொன்னனீங்கள். அவன் பெயரை அந்தப் பட்டியலில் வர விடேல்லை. 2014 இல் கண்ணை மூடும்வரை படலையைப் பூட்டவும் விடேல்லை. பேருக்கொரு திதி வை என்று கேட்ட சித்தப்பாவோட சாகும்வரை கதைக்கேல்லை. எங்கட சைவத்திலும் அவனுக்கு இடம் இல்லை, இந்தப் பழைய பாளி நூலிலும் இடம் இல்லை. இருக்கிறவைக்கு ஒரு முறை, போனவைக்கு ஒரு முறை. இரண்டும் இல்லாமல் ஆக்கப்பட்ட ஆக்களுக்கு ஆரும் முறை எழுதிவைச்சதாய் எனக்குத் தெரியேல்லை.

வியட்நாம் அம்மா இதைக் கேட்டுக்கொண்டு நின்றவ. போகேக்க, வாசலில் சப்பாத்துப் போட்டபடி, "அவனுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறது ஆர்? அவை உயிரோடதானே" என்று மட்டும் கேட்டிட்டுப் போனா.

அதுக்குப் பிறகு வேண்டிய ஆளின்ர இடத்தில் உங்களை வைக்கிறன். வெயிலில் பந்தலுக்குள்ள பிளாஸ்ரிக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிற உங்களை. நோ இல்லாமல் இருக்கவேணும், ஆரும் வந்து மிரட்டாமல் இருக்கவேணும், இரவில் நித்திரை வரவேணும், தேடுறது கிடைக்கவேணும். கடைசி வசனம் அவையின்ர முறையில் இல்லை, நான் சேர்த்தது. அதோட மனம் நகருது.

அதே நூலில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் தூரத்து எதிரி ஒன்று, பக்கத்து எதிரி ஒன்று என்று புத்தகோசர் பிரிக்கிறார். தூரத்து எதிரியை லேசாய்த் தெரியும். பக்கத்து எதிரி அந்தக் குணம் மாதிரியே வேஷம் போட்டு வரும். சமநிலைக்குத் தூரத்து எதிரி விருப்பும் வெறுப்பும். பக்கத்து எதிரி ஒன்றும் அறியாத அசட்டை. அந்த அலுவலகத்தில் உங்களுக்குச் சொன்னது இந்த அசட்டைதான், அமைதி மாதிரி உடுத்திக்கொண்டு வந்தது. நான் பழகிறது அது இல்லை. எனக்கு இப்ப ஓரளவுக்கு நித்திரை வருது. நித்திரை கொண்ட ஆள் மற்ற நாள் எழும்பி, எம்பிக்குக் கடிதம் எழுதலாம், ஜெனீவாவுக்கு அனுப்புற படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பலாம், தம்பி கையளிக்கப்பட்டதைக் கண்ட ஆக்களைத் தேடிப் போன் எடுக்கலாம். முந்தி இதில் ஒன்றையும் என்னால் முடிக்க ஏலாது, பாதியில் படுத்திடுவன். அமைதியாய் இருக்கிற ஆள் தேடுறதை விட்டிடும் என்று ஆர் சொன்னது?

அதுக்காக உங்களையும் கண்ணை மூடி இருங்கோ என்று சொல்ல வரேல்லை. உங்களுக்கு உங்கட கோயில், உங்கட சனம், உங்கட கோபம் இருக்கு. அந்தக் கோபத்தையும் ஆரும் உங்களிட்ட இருந்து வாங்கத் தேவையில்லை. என்ர விஷயத்தில் மட்டும் கோபிக்காதேங்கோ. அவ்வளவுதான் கேட்கிறன்.

மாசி நடுவில் வாறன், இவர் லீவு எடுக்கேலாது, நான் தனியத்தான். 20ஆம் திகதி பந்தலில் நிற்பன். டிக்கெட் போட முதல் உங்களுக்கு ஓமோ என்று சொல்லுங்கோ. முழங்காலுக்குக் கட்டுற பட்டி இரண்டு அளவில் வாங்கிவைச்சிருக்கிறன், எது பொருந்துதோ அதை வைச்சுக்கொண்டு மற்றதைப் பந்தலில் ஆருக்கும் குடுப்பம். மூத்த அம்மாமார் ஆர் ஆர் இப்ப இருக்கினம் என்றும் எழுதுங்கோ, அவைக்கும் ஏதும் கொண்டு வரவேணும். போன தரம் கேட்ட பெயர்களில் எத்தனை பேர் காத்திருந்து காத்திருந்தே போயிட்டினம்.

இன்னொன்று. பந்தலில் தொங்கிற தம்பியின்ர படம் வெயிலில் வெளிறிப்போச்சு என்று சொன்னனீங்கள். இங்கே புதுசாய் அடிச்சு, தண்ணி படாமல் லமினேற் பண்ணிக் கொண்டுவாறன். எந்தப் படம் வேணும்? அடையாள அட்டைப் படமோ, கலியாண வீட்டில் நீலச் சேட்டோட நிக்கிறதோ? எனக்கு இரண்டாவது விருப்பம், ஆனால் முகம் தெளிவாய்த் தெரியவேணும் என்றால் அடையாள அட்டைதான் நல்லது. கண்டு சொல்லுறவைக்கு முகம்தானே முக்கியம். இப்ப தொங்கிற பலகையின்ர நீள அகலத்தை அளந்து, மறுமொழியில் போடுங்கோ.

அன்புத் தங்கச்சி